விழுந்ததைச் சொன்ன மருதாயி

கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தே வயசானவள் மருதாயி. துரைகள் வந்தார்கள், போனார்கள். அவள் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டிலேயே இருந்தாள். வேலையை விட்ட பிறகு, மகன் பொன்னுவேலும் மருமகளும் காப்பிக் காட்டுக்குக் கிளம்பியதும் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது அவள் பாடு. ஊற்றுப் பாதை நல்ல சரிவு. மழை பிடித்தால் கல்லெல்லாம் பாசி.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டு அருக்காணி அங்கேதான் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. டோலி கட்டிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவள் பாயை விட்டு எழவில்லை. தை பிறக்குமுன் போய்ச் சேர்ந்தாள்.

பொன்னுவேல் பயந்துபோனான். இனி ஆத்தா வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டான். பாசத்தில் சொன்னது என்று மருதாயிக்கும் தெரியும். குடத்தை மருமகள் வாங்கிக்கொண்டாள். மருதாயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்தாள்.

உட்கார உட்கார உடம்பு அதற்கே பழகிப்போயிற்று. எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கவேண்டி வந்தது. ஒரு மத்தியானம் சோற்றுப் பானையைப் பார்க்க எழுந்தவள், கால் மரத்துத் தள்ளாடி, அடுப்புக்குப் பக்கத்திலேயே விழுந்தாள். பெரிய அடி இல்லை. ஆனாலும் எழ மனமில்லாமல் மண்தரையிலேயே கிடந்தாள். மகனிடம் சொன்னால் இந்த அடுப்படியும் போய்விடும், பாய்தான் மிச்சம் என்று தோன்றியது. சொல்லவேண்டாம் என்று முடிவுசெய்து, எழுந்து சேலையைத் தட்டிவிடும்போதுதான் அருக்காணியின் நினைப்பு வந்தது. ஊற்றுப் பாதையில் விழுவதற்கு முன்னால், சில நாளாக அவள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். கேட்டதற்கு முள் குத்திவிட்டது என்றாள். முள்ளாக இருந்திருக்காது. அப்போதே ஒரு தரம் விழுந்து மறைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, லைன் சனம் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மருதாயி சுவரைப் பிடித்தபடி வந்து நடுவில் உட்கார்ந்தாள். மகனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"நானும் உளுந்துட்டேன் சாமி. ஊட்டுக்குள்ளயே."

 செடி கழிக்கும் கவாத்து வேலையிலிருந்து வயசாகி நின்றுவிட்ட வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "நானுந்தான் தங்கச்சி. போன மழையில ரெண்டு தரம். பசங்ககிட்டச் சொல்லல."

கடைசி வீட்டுக் கிருஷ்ணம்மாளும் தன் முழங்கைத் தழும்பைக் காட்டினாள். அது மாடு முட்டியது என்றே அவள் வீட்டில் நம்பியிருந்தார்கள்.

இதற்குத்தானே போகவேண்டாம் என்றேன் என்று பொன்னுவேல் கோபப்பட்டான். மருதாயி நிதானமாகவே பதில் சொன்னாள்.

"உக்கார வெச்சா உளுகமாட்டேன்னு நெனச்சே, கண்ணு. உக்காந்துதான் காலே போச்சு. என்னைய ஊட்டுல வெக்காதீங்க. பாதையச் சரி பண்ணிக் குடுங்க."

அவன் எழுந்துபோனான். இரண்டு நாள் ஆத்தாளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரிடம் பாதைக்கு மரம் கேட்டுப் போய் நின்றான். துரையைக் கேட்கவேண்டும் என்று ரைட்டர் இழுத்தடித்தார். கடைசியில், வெட்டிப்போட்ட நிழல்மரக் கிளைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆண்கள் சரிவில் படி வெட்டினார்கள். பெண்கள் பாசியைச் சுரண்டி மணல் போட்டார்கள். ஓரமாகக் கம்பு நட்டு, பிடித்து நடக்கக் கழி கட்டியபோது, எந்த உயரத்தில் கட்டுவது என்று கேள்வி வந்தது. இருப்பதிலேயே குள்ளமான கிருஷ்ணம்மாளை நிற்கவைத்து, அவள் கைக்கு எட்டும்படி கட்டினார்கள்.

மருதாயி முதலில் முற்றத்தைச் சுற்றி நடந்தாள். அப்புறம் படி வரைக்கும். சித்திரையில் ஒரு சின்னச் சொம்போடு ஊற்றுக்கே போய்விட்டாள். தண்ணீரில் கையை வைத்தவளுக்கு அருக்காணியை நினைத்து அழுகை வந்தது. யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள்.

விழுவது அதோடு நின்றுவிடவில்லை. அடுத்த மழையில் கழி முடிகிற இடத்தில் வெள்ளையன் சறுக்கியதில் மணிக்கட்டு பிசகிவிட்டது. ஆனால் அன்றைக்கே வந்து சொன்னார். மறுநாளே கழியை நீட்டிக் கட்டினார்கள். பொன்னுவேலுக்குப் பயம் முழுசாக விடவில்லை. மழை நாளில் ஆத்தா கிளம்பினால், விறகு பொறுக்குகிற சாக்கில் பின்னாலேயே போவான். அது மருதாயிக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல், கழியைப் பிடித்தபடி மெதுவாக இறங்குவாள்.