ரெக்சின் துளைகள்

அந்த வீட்டில் கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். இரண்டு மருமகள்களையும் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கீழ்வீட்டுக்காரி, மேல்வீட்டுக்காரி. அவ்வளவுதான்.

கீழ்வீட்டுக்காரி எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவளை, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு கார் உதிரிப்பொருள் கடைக்காரர் சீட் கவர் தைக்க வைத்துக்கொண்டார். துணி தைத்த கைக்கு ரெக்சின் முரண்டு பிடித்தது. துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்தால், ஒரு துவைப்பில் அடையாளம் மறைந்துவிடும். ரெக்சினில் ஊசி ஒருமுறை இறங்கினால் அந்தத் துளை சாகும்வரை இருக்கும். அதனால் அவள் நிதானமாகத் தைக்கப் பழகினாள். பிறகு கடைக்காரர் மெஷினையே அவள் வீட்டு முன்னறையில் கொண்டுவந்து போட்டார். கட்டில் இருந்த இடத்தில் ரெக்சின் சுருள்கள் வந்தன. வீட்டுக்குள் எப்போதும் புது செருப்புக் கடை வாசனை.

வாய் திறந்து பேசாதவள். பேசாத நேரத்தையெல்லாம் கேட்பதில் செலவிட்டாள். அவள் தலைக்கு மேலேதான் மேல்வீட்டின் கூடம். புதுக் கட்டில் இழுபட்ட சத்தம், இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வந்து இறங்கிய சத்தம், வாஷிங் மெஷின் துணி பிழியும்போது போடும் ஆட்டம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒவ்வொரு சத்தமும் கூரையைத் தாண்டி நேராக அவள் வயிற்றில் வந்து விழும். கணவன் சாப்பிட உட்காரும்போது, "மேல என்னமோ புதுசா வந்திருக்கு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கும்.

மேல்வீட்டு ஓரகத்தி கெட்டவளாக இருந்திருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும். அவள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று கூப்பிடுகிறவள். திட்டுகிறவளைத் திருப்பித் திட்டலாம். தன் பழைய மிக்சியைத் துடைத்துக் கொண்டுவந்து, "உங்களுக்கு ஆகுமேக்கா" என்று வைத்துவிட்டுப் போகிறவளை என்ன செய்ய முடியும்? அந்த மிக்சி நன்றாகத்தான் ஓடியது. அதுவும் ஒரு கடுப்பு.

கீழ்வீட்டுக்காரன் வாடகைக் கார் ஓட்டினான். அவனுடைய வண்டிக்கு வயதாகிவிட்டது. வருஷக் கடைசியோடு அதை வாடகைக்கு ஓட்டக்கூடாது என்று உத்தரவு. அதற்குள் புது வண்டி வாங்காவிட்டால் அடுத்தவன் வண்டியைத் தினக் கூலிக்கு ஓட்ட வேண்டியதுதான். அவன் மனசு ஒரே ஒரு வண்டியில் விழுந்திருந்தது. அப்போது புதிதாக வந்திருந்த ஹைபிரிட். பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. நெரிசலில் ஊர்ந்து போகும்போது பேட்டரியிலேயே போய்விடும், பெட்ரோல் செலவு பாதியாகும் என்று சவாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஊரே அந்த வண்டிக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நகரத்து ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய பையன், வரிசையில் நின்றால் ஒரு வருஷம், மேலே கொஞ்சம் வைத்தால் இந்த வாரமே என்றான். அந்த "கொஞ்சத்துக்கு" பில் கிடையாது. வங்கியோ பில்லில் இருக்கும் விலைக்குத்தான் கடன் தரும். இன்னொரு ஷோரூமில் மேல்பணம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அலங்காரப் பொருள் தொகுப்பு ஒன்றைக் கட்டாயம் வாங்க வேண்டுமாம். மிதியடி, வண்ணப் பூச்சு, சீட் கவர். சீட் கவரின் விலையைப் பார்த்துவிட்டு அவள் கணவனை வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அது நான் தைச்சது" என்றாள்.

"எது?"

"கண்ணாடி அலமாரில வெச்சிருக்காங்களே, அது."

அவன் திரும்பி ஒருமுறை பார்த்தான். "அப்ப உன்னையே வித்தாதான் வாங்க முடியும்" என்றான். இருவரும் பேருந்து வரும்வரை சிரித்தார்கள். பேருந்தில் ஏறியபின் சிரிப்பு நின்றுவிட்டது.

வழி கண்டுபிடித்தவள் அவள்தான். கடைக்காரர் வெளியூர் ஷோரூம்களுக்கும் சீட் கவர் அனுப்புவார். அளவு சரியில்லையென்றால் அங்கிருந்து நேராக அவளுக்கே போன் வரும். தொலைவில் ஒரு சின்ன ஊர் ஷோரூமிலிருந்து ஒரு பெண் அடிக்கடி பேசுவாள். அவளிடம் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி இரண்டு அழைப்புகளை வீணாக்கி, மூன்றாவதில் கேட்டே விட்டாள்.

"எங்க முதலாளி ஒரு பைசா மேல வாங்க மாட்டார் மேடம்" என்றாள் அந்தப் பெண். "ஆனா என்ன கலர் வருதோ அதை எடுத்துக்கணும். வரிசையைத் தாண்டக் கூடாது. காத்திருக்கணும்."

அன்று கணவனிடம் விஷயத்தைச் சொன்னவள், மாடிப்படிப் பக்கம் கண்ணைக் காட்டி, "மூச்சு விடாதீங்க" என்றாள். அவன் தலையாட்டினான். ஆனால் தம்பியைப் பார்த்தால் அவன் வாய் நிற்காது. சாயங்காலமே வாசலில் வண்டி துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தம்பி படித்தவன். மாடியேறிப் போன வேகத்தில் போனிலேயே பதிவு செய்துவிட்டான். அண்ணன், நேரில் போய் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன் என்று சவாரி இல்லாத ஒரு நாளில் பேருந்து ஏறிப் போனான். போய்ச் சேர்ந்தபோது பதிவு வரிசையில் அவனுக்கு நேர் முன்னால் தம்பியின் பெயர் இருந்தது.

மறுநாள் ஓரகத்தி இறங்கி வந்தாள். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி வண்டி வாசல்ல நின்னா எவ்வளவு நல்லா இருக்கும், இல்லக்கா? எங்க ரெண்டு பேர் நம்பரோட உங்க நம்பரையும் குடுத்திருக்கோம். நீங்க எப்பவும் வீட்லயேதான இருக்கீங்க."

கீழ்வீட்டுக்காரி சிரித்து வைத்தாள். அன்று முழுக்க மெஷின் மிதியை மிதித்த மிதியில் மோட்டார் சூடேறிவிட்டது.

அவர்களுக்கு எதற்கு இந்த வண்டி? அலுவலகம் போய் வரவும் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு சுற்றவும் இருக்கிற வண்டி போதாதா? நாம் பிழைப்புக்குத் தேடியதை இவர்கள் பெருமைக்குத் தட்டிப் பறிப்பதா? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்கில் அதே வண்டிக்கான சீட் கவர்களைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தே பார்த்திராத அந்த சீட்டின் வளைவெல்லாம் அவள் விரலுக்கு மனப்பாடம். தைக்கும்போதெல்லாம் அதில் ஓரகத்தி சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வருஷம் முடியப் போகிற நேரம். ஒரு மத்தியானம், வெள்ளை ரெக்சினில் சிவப்புக் கரை வைத்த ஒரு செட்டை அவசரம் என்று கடைக்காரர் கொடுத்திருந்தார். அப்போது போன் வந்தது. அந்தச் சின்ன ஊர்ப் பெண்தான்.

"மேடம், உங்க கொழுந்தனார் பேர்ல வண்டி வந்திருக்கு. அவர் போன் அணைச்சு வெச்சிருக்கார், அவங்க வீட்டம்மா எடுக்க மாட்டேங்கிறாங்க. நாலு மணிக்குள்ள வேணும் வேண்டாம்னு சொல்லிடச் சொல்லுங்க. இல்லைன்னா வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும்." பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அடுத்தது நீங்கதான் மேடம்."

மேலே வாஷிங் மெஷின் துணி பிழிந்து ஆடிக்கொண்டிருந்தது. ஓரகத்தி அன்று லீவு. போனை எங்காவது போட்டுவிட்டுத் துவைத்துக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு மாடிப்படிதான்.

"சரிங்க" என்று போனை வைத்தவள் எழுந்திருக்கவில்லை. மிதியை அழுத்தினாள். சொல்லாமல் இருப்பது பொய்யா என்ன? போனை எடுக்காதது ஓரகத்திதானே. தையல் மெஷின் ஓடும்போது யாருக்கு எது காதில் விழும்? மெஷினை இன்னும் வேகமாக விட்டாள். மேலே சத்தம் நின்றது. இவள் நிறுத்தவில்லை.

பாதி சீட் முடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது. சீட்டின் பக்கவாட்டில் காற்றுப்பை இருக்கும் இடத்தில் மெல்லிய நூல்தான் போட வேண்டும். மோதும்போது பை உப்பி, தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து ஆளைக் காப்பாற்ற வேண்டும். அங்கே அவள் தடித்த நூலைப் போட்டு இறுக்கித் தைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் செய்யாத தப்பு. உட்காருகிறவர் யாரோ, எவரோ.

மெஷினை நிறுத்திவிட்டு, பிளேடால் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். வெள்ளை ரெக்சினில் வரிசையாக ஊசித் துளைகள். அதை ஒட்டி மெல்லிய நூலால் திரும்பவும் தைத்தாள். பழைய துளைகள் பக்கத்திலேயே நின்றன. வேறு ரெக்சின் வெட்ட நேரமில்லை.

பிரிக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வண்டி நமக்கு வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்கிறது. ஓரகத்தி மாடியிலிருந்து அதைப் பார்க்கிறாள், பார்த்து வேகிறாள். "எப்படிக்கா உங்களுக்கு முதல்ல வந்துச்சு?" என்று கேட்கிறாள். அப்போது என்ன சொல்வது? வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஜெயித்துவிட்டு, அதை வாய் திறந்து சொல்லிக்காட்ட முடியாமல் சாகும்வரை முழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு ஜெயிப்பு யாருக்கு வேண்டும்?

நல்ல மனசில் ஒன்றும் அவள் மாடியேறவில்லை. அந்த எரிச்சலில்தான் ஏறினாள்.

ஓரகத்தி ஈரக் கையோடு கதவைத் திறந்தாள். இவள் விஷயத்தை ஒப்பித்தாள். முகத்தைப் பார்க்காமல் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துச் சொன்னாள். பதிலுக்குச் சந்தோஷக் கூச்சல் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் ஓரகத்தி, குரலை இறக்கி. "அத்தான்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் திட்டுவார்னு எங்க வீட்டுக்காரர் மறைச்சு வெச்சிருக்கார். நாங்க டவுன்லயே மேல பணம் குடுத்துப் பேசிட்டோம். அடுத்த வாரம் வண்டி வருது. வெள்ளைக் கலர். எனக்கு வெள்ளைதான் வேணும்னு அதுக்காகத்தான் காத்திருந்தோம்."

"எப்பப் பேசுனீங்க?"

"அது ஆச்சு, ரெண்டு மூணு மாசம். அங்க கேன்சல் பண்ணணும், பண்ணணும்னு இருந்தோம். மறந்தே போச்சு."

கீழ்வீட்டுக்காரி மாதங்களை எண்ணிப் பார்த்தாள். வேண்டாத வண்டிக்கு இவர்கள் வரிசையை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பின்னால் நின்றவர்கள் ராத்தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறார்கள். ஏதாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்: "போன் பண்ணிச் சொல்லிடு. நாலு மணி ஆகப் போகுது."

ஓரகத்தி அங்கேயே பேசி முடித்தாள். "என்ன கலர்ங்க? மண் கலரா? ஐயோ, வேண்டவே வேண்டாம். எங்க அக்காவுக்கே குடுத்துடுங்க." பிறகு போனை வைத்துவிட்டு, "பாருங்கக்கா, உங்களுக்கு நான் விட்டுக் குடுத்த மாதிரி ஆச்சு" என்று கன்னம் குழியச் சிரித்தாள்.

அந்த மிக்சி மாதிரியேதான்.

மண் கலர் வண்டி பில் விலைக்கு, பைசா கூடாமல் வந்தது. வங்கிக்காரர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கணவன் தெருமுனையிலிருந்து வீடுவரை எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்து, அவள் திரும்பிப் பார்க்கும்வரை ஜன்னலடியில் நின்றான். அன்றைக்கே சவாரிக்கும் கிளம்பிவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது. ஒரு வாரத்துக்கு நிறைந்திருந்தது.

அடுத்த வாரம் வெள்ளை வண்டி வந்து நின்றது. கண் கூசியது. தெருவே வந்து பார்த்தது. மண் கலர் வண்டியைப் பார்த்தபோது அதற்கு மட்டும் யாரும் முகம் கழுவி விடாததுபோல் இருந்தது.

"முதல் சுத்து நீங்கதான்க்கா என்கூட வரணும்" என்று ஓரகத்தி கையைப் பிடித்து இழுத்து, முன் சீட்டில் உட்கார வைத்தாள். வெள்ளை ரெக்சின், சிவப்புக் கரை. "கம்பெனி சீட் கவர்க்கா. மேல பணமும் வாங்கிட்டு, இதையும் கட்டாயம் எடுத்தே ஆகணும்னுட்டாங்க. விலை போனாப் போகுது, எப்படித் தைச்சிருக்கான் பாருங்க."

கீழ்வீட்டுக்காரி கையைப் பக்கவாட்டில் இறக்கித் தடவினாள். மெல்லிய நூலுக்குப் பக்கத்தில் வரிசையாகத் துளைகள். விரல் நுனிக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் தைத்தது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால், "அப்படியாக்கா, அப்ப நம்ம வீட்டு வேலைதானா" என்று அதையும் தனதாக்கிக்கொண்டு சிரிப்பாள். துளைகளைக் கையால் மூடிக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றாள்.

வண்டி நகர்ந்தது. தெரு திரும்பியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், ஒரே பேட்டரி. அதெல்லாம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இது எங்களுடையதைவிடக் கொஞ்சம் சத்தம் குறைவாகத்தான் போகிறது என்று அவளுக்குப் பட்டது.