எண்ணெய் டின்னில் வந்த ஊட்டி மரம்

மேட்டுப்பாளையத்தில் இருந்த புருஷன் வீட்டை விட்டு அத்தை வந்தபோது ஒரு கையில் துணிப்பெட்டியும் மறு கையில் எண்ணெய் டின்னும் இருந்தன. டின்னில் எண்ணெய் இல்லை. மண்ணும், அதில் முழ உயரத்துக்கு ஒரு செடியும்தான். கோயமுத்தூருக்கு ஒரு பஸ், தாராபுரத்துக்கு ஒரு பஸ், அப்புறம் எங்கள் ஊர் டவுன் பஸ் என்று வழியெல்லாம் அதைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டே வந்தாளாம். ஒரு கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட்டும் போட்டுவிட்டாராம். நகையைக்கூட அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள் செடிக்கு டிக்கெட் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறாளே என்று அம்மா முணுமுணுத்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம் அது. எனக்கு எட்டு வயது.

அத்தை அப்பாவின் தங்கை. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கித் தாவரவியல் படித்தவள். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போனபோது, பூங்காவில் ஒரு மரத்தடியில் தொப்பி போட்டுக்கொண்டு கிடந்த கொட்டைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்து வந்திருக்கிறாள். அதில் ஒன்று முளைத்தது. ஓக் மரமாம். ஓக்கிலே பல ஜாதி உண்டு, இது வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற ஜாதி, மழை குறைந்த வெயில் சீமையைச் சேர்ந்தது, நம் மேட்டாங்காட்டுக்கு இதுதான் சரி என்றாள். யார் நம்புவது? எங்களுக்கு அது ஊட்டி மரம். இலையின் மேல்புறம் கரும்பச்சை, அடிப்புறம் சுண்ணாம்பு தடவினாற்போல் வெளுப்பு, ஓரமெல்லாம் முள். எதையும் விட்டுவைக்காத எங்கள் ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

அத்தை ஏன் வந்தாள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. வந்த அன்று ரவிக்கைக் கையை மேலே ஏற்றி அம்மாவிடம் எதையோ காட்டினாள். அன்றைக்கு அம்மா சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். மாமாவுக்குக் கோபம் வந்தால் கை நீட்டுவார் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

அத்தை இங்கேயே இருப்பாளா, திரும்பப் போவாளா? அந்த வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் போகச் சொன்னதுபோல் ஆகிவிடுமே என்று அப்பாவுக்குப் பயம். இரு என்று சொன்னால் ஊர் என்ன சொல்லுமோ என்று அதைவிடப் பயம். அத்தையும் தானாகச் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர்களுக்கு அம்மாதான் பதில் வைத்திருந்தாள். "மாரியம்மன் நோம்பிக்கு வந்திருக்குதுங்க." நோம்பி முடிந்து, கோயில் முன்னால் நட்ட கம்பமும் பிடுங்கியாயிற்று. "வெயிலு தாளட்டும்னு இருக்குதுங்க." வெயிலும் தாழ்ந்தது. "ஆடிக்கு நாங்கதானுங்க இருக்கச் சொன்னம்." கல்யாணமாகி நாலு வருஷம் ஆனவளை யாரும் ஆடிக்கு அழைத்து வைத்துக்கொள்வதில்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். "அப்படீங்களா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் மரியாதைக்கு எப்போதும் பஞ்சமில்லை.

தண்ணீருக்குத்தான் பஞ்சம். அந்தக் கோடையில் கிணறு தரைதட்டிப் போனது. போர்வெல் போட்டதில் மண்புகைதான் பறந்தது. தென்னைகள் மட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. குளித்த தண்ணீர் முருங்கைக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் கறிவேப்பிலைக்கு என்று அம்மா பங்கு பிரித்திருந்தாள். அப்படிப்பட்ட காலத்தில்தான் ஊட்டி மரத்தின் இலை மஞ்சளடிக்க ஆரம்பித்தது.

"குளுகுளுன்னு இருந்த மரமல்லோ, நம்மூரு வெயிலு ஆகலையாட்ட இருக்குது" என்றாள் அம்மா.

அத்தை டின்னைச் சாய்த்து, அடியில் அடைத்துக் கிடந்த ஓட்டையைக் குச்சியால் குத்தினாள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. சேற்று நாற்றம் வேறு.

"இதுக்கு ஆரு தண்ணி ஊத்துனது?"

விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாட்டிலில் மிச்சமிருக்கிற தண்ணீரை நான் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தேன். எருமைக்குப் போகவேண்டிய கழனித்தண்ணியில் அம்மா தினம் ஒரு சொம்பு திருப்பிவிட்டிருந்தாள். எல்லோரையும் மிஞ்சியவர் அப்பா. காய்ந்து நின்ற தென்னைக்கு ஒரு கை தண்ணீர் காட்டாதவர், விடிவதற்கு முன்பே எழுந்து போய் இதற்கு ஊற்றியிருக்கிறார். "அரைக் கொடந்தான் கண்ணு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "ஏனுங் நங்கையா, ஆளாளுக்கு ஊத்தி ஊத்தியே கொன்னுபோடுவீங்களாட்ட இருக்குதே!" என்றாள் அம்மாவிடம். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் கூப்பிடுவது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றோடு யாரும் டின் பக்கம் சொம்பு கொண்டு போகக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு அவள் மட்டும்தான் ஊற்றுவாள். காய்ந்தால்தான் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்குமாம். மழை பெய்ததும் இதை மண்ணில் வைக்க வேண்டும், வைத்து வேர்பிடித்துவிட்டால் பிடுங்கி வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது, ஆணிவேர் அறுந்தால் செத்துப்போகும் என்று எனக்குச் சொன்னாள்.

"எங்கீங்கத்தை வெப்பீங்க?"

"பாக்கலாங் கண்ணு."

செடி மெல்லத் தெளிந்து புது இலை விட்டது. அப்பாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வெறுங்கையோடு போய் டின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. ஒரு நல்ல மழையும் பெய்தது. அம்மாவிடம் சாக்குப்போக்கு தீர்ந்துபோன அந்த வாரத்தில், வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. மாமாவும் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் இறங்கினார்கள். கூடவே ஒரு வாழைத்தாரும் இறங்கியது. அப்பா கைகூப்பி "வாங்க, வாங்க" என்று நாற்காலி போட்டார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"ஊட்டுக்கு ஊடு இருக்கறதுதானுங்க" என்றார் பெரியவர். "இனி அப்பிடி நடக்காதுன்னு தம்பியுஞ் சொல்லுது. புள்ளையக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தமுங்க."

அப்பா, "சாப்புட்டுப்போட்டுப் பேசலாமுங்க" என்றார். சாப்பிட்டார்கள். வெற்றிலையும் போட்டார்கள். அதற்கு மேல் நீட்டிக்க அப்பாவிடம் ஒன்றுமில்லை.

"அம்மணி, கெளம்பு கண்ணு" என்று பெரியவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அத்தை வெளியே வந்தாள். "ஒரு வேலை இருக்குதுங்க, முடிச்சுப்போட்டு வாரனுங்க" என்று சொல்லிவிட்டு நேரே டின்னை நோக்கிப் போனாள். அதைப் பார்த்ததும் மாமா பெரிய மனசு பண்ணி எழுந்து போய்க் காரின் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியை ஒதுக்கி, டின்னுக்கு இடம் பண்ணினார். அத்தையும் போகிறாள், மரமும் போகிறது.

ஆனால் அத்தை டின்னைத் தூக்கவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்து வாசல் மூலையில் குத்த ஆரம்பித்தாள். அப்பா வேகமாகப் போனார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கடப்பாரையைப் பிடித்தார். அவள் விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் விட்டாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தோண்டினார்.

"எத்தனை ஆழங் கண்ணு?"

"இன்னுங் கொஞ்சம் போகோணுங்கண்ணா."

அத்தை அரிவாளால் டின்னைக் கீறிப் பிரித்தாள். வேர் அடித்தகரத்தில் முட்டி, போக வழியில்லாமல் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தது. அதைப் பதமாகப் பிரித்துவிட்டுக் குழியில் இறக்கினாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. காருக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன்.

"அத்தை, மண்ணுல வெச்சுட்டா அப்பறம் புடுங்க முடியாதுன்னு சொன்னீங்கல்ல? ஊருக்கு எப்பிடிக் கொண்டு போவீங்க?"

அத்தை மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டே, "ஆமாங் கண்ணு, முடியாது" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து டிக்கி மூடுகிற சத்தம் கேட்டது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நாங்க வாரமுங்க."

"செரிங்க, பாத்துப் போங்க" என்று அப்பா சேற்றுக் கையோடு கும்பிட்டார்.

கார் கிளம்பியதும் அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெரியவர்கள் நடுவில் வாயாடியதற்கு முதுகில் விழப்போகிறது என்று குறுகி நின்றேன். அவளோ எட்டி மேல் பலகையில் இருந்த அடுக்கை இறக்கி, நோம்பிப் பலகாரத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த கருப்பட்டியில் ஒரு பெரிய துண்டை என் வாயில் திணித்து, என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

அத்தை அடுத்த வருஷம் தாராபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். மரம் தன் பாட்டுக்கு வளர்ந்து இப்போது ஓட்டுக்கு மேலே நிற்கிறது. எந்தக் கோடையிலும் யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை.

அந்தக் கருப்பட்டி எதற்கு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நான் கேட்ட கேள்விக்குத்தான் என்பது மட்டும் புரிந்தது. அதனால், இன்னொரு துண்டு கிடைக்குமா என்று, சாயங்காலம் அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டுப் பார்த்தேன்.