காகிதத்தில் எழும்பிய வீடு

அன்று சாயங்காலம் என் மகளைக் கூட்டிப்போக அவள் அப்பா காரில் வருவதாக இருந்தது. அவர் வரும்போது அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். பத்தாவது பரீட்சை முடிந்துவிட்டது. இனிமேல் யாரோடு இருந்து படிக்கப் போகிறாள், சிறுசேரியில் அவரோடா, மாமல்லபுரத்தில் என்னோடா? நாங்கள் பிரிந்ததிலிருந்து பள்ளி நாட்களில் அங்கே, சனி ஞாயிறு இங்கே என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த பிள்ளை. "அவளே சொல்லட்டும். நாம ரெண்டு பேரும் வாயத் தொறக்க வேணாம்" என்று அவர் போனில் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. ஆனாலும் சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

அதே நாளில்தான் பயிலரங்கும் வந்து வாய்த்தது. கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துச் சமுதாயக்கூடம். கடலோர அங்கன்வாடிகளின் டீச்சர்களுக்கும் ஆயாக்களுக்கும் பாப்-அப் புத்தகம் செய்யச் சொல்லித்தர வேண்டும். பக்கத்தைத் திறந்தால் காகிதம் எழுந்து நிற்குமே, அது. அவள் அப்பாவை அங்கேயே வரச் சொல்லிவிட்டு மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். அம்மா வீட்டில் உட்கார்ந்து சும்மா காகிதம் வெட்டுகிறவள் இல்லை, நாலு பேர் மதிக்கிறார்கள் என்று அவள் கண்ணால் பார்க்கட்டும். அப்படிப் பார்த்தாலாவது என்னோடு இருந்துவிட மாட்டாளா என்ற நப்பாசைதான், வேறென்ன.

முதல் பாடம் வீடு. "அவங்கவங்க வீட்டைச் செய்யுங்க" என்றேன். அட்டையை இரண்டாக மடித்து, மடிப்பு இருக்கிற பக்கத்தில் இரண்டு வெட்டு வெட்டி, நடுத்துண்டை உள்ளே தள்ள வேண்டும். திறந்தால் பெட்டி மாதிரி எழும். அதன் முகத்தில் கதவு ஜன்னல் வரைந்து ஒட்டினால் வீடு. இதில் தப்பு செய்ய ஒரே ஒரு வழிதான் உண்டு. மடிப்புப் பக்கத்தை விட்டுவிட்டுத் திறந்த பக்கத்தில் கத்தரிக்கோலை வைப்பது. வருஷக் கணக்காக இதைச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது. அன்று மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான், எல்லார் முன்னாலும் அதே தப்பைச் செய்தேன். எழ வேண்டிய வீடு இரண்டு துண்டாகி மேஜையில் விழுந்தது.

முன்வரிசையில் இருந்த ஆயா ஒருத்தி, வெண்கலக் குரல், "இன்னா டீச்சர், வூடே ரெண்டாப் பூடுச்சே!" என்றாள். கூடமே சிரித்தது. என் மகள் மட்டும் குனிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் எதுவும் சரியாக வரவில்லை. கடல் காற்றில் அட்டை நமத்துப்போய் அப்பளம் மாதிரி தொங்கியது. பசை காயவே இல்லை. நின்ற வீடுகள் ஒவ்வொன்றாக முன்பக்கம் சாய்ந்தன. "அட்டை முதுகில இன்னொரு அட்டையை ஒட்டுங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். மின்விசிறியைக்கூடத் திட்டினேன். அது பாவம், அதன் வேலையைத்தான் செய்தது.

கத்தினாலும் என் கண் மகளின் கையிலேயே இருந்தது. அவள் எந்த வீட்டைச் செய்யப் போகிறாள்? வெட்டு நீளமாக விழுந்தால் சிறுசேரி அடுக்குமாடி. குட்டையாக விழுந்தால் என் வீடு. பரீட்சை முடிவு பார்க்கிறவள் மாதிரி அவள் மேஜைப் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் நிதானமாக, குட்டையாக வெட்டினாள். மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி வந்தது. ஒருபக்கம் இறங்கிப்போன என் கேட் வந்தது. வாசல்படியில் பெரிய செருப்பு ஒரு ஜோடி, பக்கத்தில் சின்னது ஒரு ஜோடி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னறையில் அடுக்கியிருக்கும் அட்டைக் கட்டுகளை எங்கே தள்ளுவது, அவள் மேஜையை எந்த ஜன்னலோரம் போடுவது என்று அங்கே நின்றபடியே மனசுக்குள் வீட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். முதுகுக்கு இரண்டு அட்டை கொடுத்து ஒட்டியிருந்ததால் அந்தக் காற்றிலும் அவள் வீடு அசையாமல் நின்றது.

கடைசியில் ஒவ்வொருவராக எழுந்து புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள்.

"இது எங்க வூடு. வாசல்ல எங்க படகு நிக்குது பாருங்க."

"இதான் எங்க வூடு. சாஞ்சுகினு கீது, நெசத்துலயும் அப்டித்தான்."

என் மகளின் முறை வந்தது. திறந்தாள். அந்த ஆயா எட்டிப் பார்த்து, "சோக்கா கீதே! யாரு வூடு கண்ணு இது?" என்று கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்து, "அம்மா வீடு" என்றாள்.

"அம்மா வூடா!" ஆயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகளின் மோவாயைத் தொட்டு முத்தம் வைத்தாள். "அம்மா வூட்டுக்குப் போனமா, நல்லாத் துன்னமா, தூங்கனமா, நம்ம வூட்டுக்குத் திரும்பி வந்தமான்னு இருக்கணும் கண்ணு!"

ஆளாளுக்கு அவரவர் அம்மா வீட்டுக் கதையை ஆரம்பித்துவிட்டார்கள். நான் கத்தரிக்கோலோடு நின்றேன். மற்ற எல்லாரும் எங்க வூடு என்றுதானே சொன்னார்கள்? எனக்கும் மதுராந்தகத்தில் ஒரு அம்மா வீடு இருந்தது. பையோடு போவேன், பையோடு திரும்புவேன். பாசத்துக்கு அங்கே ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் ஒரு தடவைகூட அங்கே என் பையை முழுசாகக் காலி செய்ததில்லை.

வெளியே கார் வந்து நின்றது. மகள் வீட்டை மெதுவாக மடித்து என் கையில் கொடுத்தாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும்மா. வரும்போது பாத்துக்கறேன்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மகளுக்கு உதடு துடித்தது. என் முகத்துக்கு நேராக அதை இன்னொரு தடவை எப்படிச் சொல்வாள் குழந்தை?

வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டவள்தான் நான். "உங்க வீட்லயே இருந்து படிக்கட்டும்" என்றேன்.

பக்கத்தில் அவள் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.