வெட்டுக்கல் மேல் நின்ற கார்

எங்கள் கார் அந்த வருஷம் பெரும்பாலும் சிவப்பு வெட்டுக்கல் அடுக்கின் மேல்தான் நின்றது. சக்கரங்கள் வீட்டுக்குள் இருந்தன. ஒன்று சாப்பாட்டு மேஜைக்கு அடியில், இரண்டு ஹாலில், ஒன்று எப்போதும் என் கணவருக்கு எதிரே முக்காலியின் மேல். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே தின்னர் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, "பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். "அடிக்கிறோம், சுரண்டுகிறோம், மறுபடி அடிக்கிறோம்" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டார். கண் அழுத்தத்தால் ஓரப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது தெரியும், பக்கத்திலிருந்து வருவது தெரியாது. மட்டாஞ்சேரியில் எல்லாமே பக்கத்திலிருந்துதான் வரும்: மிளகு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி, ஸ்கூட்டர், ஆடு. அவர் டாக்டரிடம் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஜாக்கியைத் தேடி எடுத்தார்.

"ரிம் எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கு. முதல்ல அத சரியாக்கணும்" என்றார்.

துரு இருந்தது உண்மை. உப்புக்காற்று போதாதென்று, தை மாசத்தில் காயல் தண்ணீர் ஏறி எங்கள் சந்துக்குள்ளேயே வந்துவிடும். கணுக்கால் உயரத் தண்ணீரில் கார் அரைநாள் நிற்கும். எண்பதுகளில் செய்த இரும்பு ரிம் அது, எத்தனை வருஷம்தான் தாங்கும்? ஆனால் அதற்கு முன்பு பல வருஷம் அந்தத் துருவை அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு அந்தக் கார் வேண்டியிருந்தது. என் அக்கா இடக்கொச்சியில் இருக்கிறாள். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவளைக் குளிப்பாட்டி விடுவது என் வேலை. அதற்காக ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் மாறி, நின்றுகொண்டே போய்வந்தேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ், தவறாமல் புதுப்பித்தும் வந்திருக்கிறேன். ஆனால் இந்தச் சந்தில் என்னால் ஓட்ட முடியாது என்பது எங்கள் வீட்டில் சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற ஒரு உண்மை. முனையில் திரும்பும் இடத்தில் கிடங்கின் கருங்கல் படி ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படியைக் காட்டிக் காட்டியே அவர் என்னை இடதுபக்க சீட்டில் உட்கார வைத்திருந்தார்.

பெங்களூரில் இருக்கும் மகனுக்கு வேறு யோசனை. ஆலுவாவில் பழைய கார் வாங்குகிற ஒருவரைப் பிடித்து வைத்திருந்தான். "சும்மா நிக்கிற வண்டிதானேம்மா, குடுத்திரலாம்" என்று வாராவாரம் போனில் சொல்வான்.

"நான் ஓட்டுறேன்" என்று நான் சொன்னால், "சக்கரம் முடியட்டும், நோக்கலாம்" என்பார். "வித்திரலாம்" என்று மகன் சொன்னாலும், "சக்கரம் முடியட்டும், நோக்கலாம்." இரண்டு பேருக்கும் ஒரே பதில். சக்கரம் மட்டும் முடியவில்லை.

முதல் தடவை, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, நல்ல பெயின்ட் என்று நினைத்த இடத்திலெல்லாம் அடியில் துரு. எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, அதன் மேல் சில்வர் அடித்தார். சில வாரத்தில் குமிழ் குமிழாக எழும்பியது. எழும்பாமல் என்ன செய்யும்? தேய்த்த ரிம்மை எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருந்தார். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. உப்பின் மேலேயே பிரைமர் அடித்தால் துரு உள்ளே சுகமாக வளரும். "பைப்புத் தண்ணியில கழுவுங்க" என்று நான் அப்போதே சொன்னேன். "உனக்கென்ன தெரியும்" என்றார்.

இரண்டாவது தடவை கர்க்கடக மழை, நம் ஆடி மாசம். வெயிலே இல்லை. சில்வருக்கு மேலே பளபளப்புக்கு அடித்த கிளியர் காயாமல், தொட்டால் ஒட்டும் பலாப்பழம் போல இருந்தது. சுரண்டினார். அதற்கடுத்த தடவை எல்லாம் சரியாக வந்து, ஒரே ஒரு கொசு கிளியரில் ஒட்டிச் செத்துக் கிடந்தது. ஒரு கொசு. அதுவும் ரிம்மின் உட்பக்கம், படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காக முழு ரிம்மையும் சுரண்டினார். நான் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

பெயின்ட் கடைக்காரரே என்னை வழியில் நிறுத்தி, "சேச்சி, சேட்டன்கிட்ட சொல்லுங்கோ, இது மதி, போதும். புதுக் காருக்குக்கூட யாரும் இத்தன தடவ அடிக்க மாட்டாங்க" என்றார். வியாபாரம் வேண்டாமென்று கடைக்காரரே சொல்கிற நிலைமை.

ஒரு மத்தியானம் கதவருகில் நின்று அவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரிம்மைச் சுற்றி விரலை ஓட்டினார். விரல் எங்கோ நின்றது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உப்புத்தாளை எடுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சக்கரம் தயாராகாதவரை காரை யாரும் விற்க முடியாது, யாரும் ஓட்டவும் முடியாது. கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன் என்று அவர் சொல்ல வேண்டியதும் இல்லை. பாவமாக இருந்தது. மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனபோது அந்தப் பாவம் வடிந்துவிட்டது.

ஓணம் முடிந்து வெயில் வந்ததும் நானே களத்தில் இறங்கினேன். பைப்பில் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துப் பிடித்துவைத்து, ரிம்முகளை நானே கழுவித் துடைத்து மொட்டைமாடி வெயிலில் உலர்த்தினேன். பெயின்ட் அவர்தான் அடித்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கை. கிளியர் அடித்து முடித்த உடனே எங்கள் கட்டில் கொசுவலையை எடுத்துவந்து ரிம்முகளுக்குக் கட்டினேன். அன்றைக்குச் சக்கரங்கள் நிம்மதியாகத் தூங்கின, எங்களைக் கொசு தின்றது.

இந்தத் தடவை அவர் விரலுக்கு எதுவும் அகப்படவில்லை. கார் கல்லிலிருந்து இறங்கியது. மகன் போனில், "பூஜை லீவு முடிஞ்சதும் ஆலுவாக்காரர வரச் சொல்றேன்" என்றான். இவர், கிளியர் உள்ளே இறுகுவதற்கு இன்னும் நாளாகும், அதுவரை யாரும் விரல்கூட வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். பக்கத்து வீட்டு ஆடு சக்கரத்தில் முதுகைத் தேய்த்ததற்கு அந்த வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போனார்.

ஊருக்குத்தான் உபதேசம். துர்க்காஷ்டமி சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, நான்கு சக்கரத்திலும் அவரே சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் தாராளமாகக் குங்குமம் வைத்தார். அது எங்கள் தமிழ் வழக்கம். பூஜைக்கு வைத்த பொருளை விஜயதசமி காலைவரை தொடக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். இரண்டு வழக்கத்தையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடிக்கிற குடும்பம் நாங்கள். ஆகவே நடுவில் தூறல் விழுந்து குங்குமம் கரைந்து ஒழுகியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், துடைக்கப் போகவில்லை.

விஜயதசமி காலையில் துடைத்தால் சந்தனம் வந்தது, சிவப்பு வரவில்லை. இறுகாத கிளியருக்குள் சாயம் இறங்கி, நான்கு சக்கரத்திலும் பெரிய ரோஸ் கறை. இத்தனை நாள் பெயின்ட் அடித்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

"சரி, கழட்ட வேண்டியதுதான்" என்று ஜாக்கியை எடுக்கத் திரும்பினார். அந்தக் குரலில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"இந்த வண்டி இனிமே கல்லு மேல ஏறாது. ஏத்தினீங்கன்னா நான் அக்கா வீட்டுலயே போய் இருந்துக்கறேன்" என்றேன். "உங்களுக்கு இது முடியக் கூடாது. அதுக்கு நான் பஸ்ஸுல தொங்கணுமா?"

அவர் ஜாக்கியைக் கீழே வைத்தார். "நீ ஓட்டுவே. அது எனக்குத் தெரியும்" என்றார். "நான் இடது பக்கம் உக்காந்துட்டு என்ன செய்யறதுன்னுதான் தெரியல."

நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். சாவியை வாங்கிக்கொண்டு வலதுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன். அவர் வாசலிலேயே நின்றார். நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தேன். சுற்றிக்கொண்டு வந்து இடதுபக்கம் ஏறினார்.

எலுமிச்சை நசுங்கியது. வண்டி சந்தில் நகர்ந்தது. எதிரே வந்த தள்ளுவண்டிக்கு ஒதுங்கினேன், ஆட்டுக்கு நின்றேன், எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். முனையில் திரும்பும்போது இடதுபக்கம் கர்ரென்று ஒரு சத்தம். கருங்கல் படி.

பிரேக்கை மிதித்துவிட்டு அவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் இறங்கினார். முன்சக்கரத்தின் அருகே குந்தி, கண்ணை மூடி, விரலை மெதுவாக ஓட்டினார். ஒரு கொசுவுக்காக முழு ரிம்மையும் சுரண்டிய விரல் அது. ஜாக்கி, வெட்டுக்கல், முக்காலி, தின்னர் என்று எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்தன.

எழுந்து, வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஆழமில்ல" என்றார். "கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்து ஸ்டியரிங்க வலது பக்கமா ஒடி. நான் படியப் பாத்துக்கறேன். உங்க அக்கா காத்துட்டிருப்பாங்க."