சாம்பிராணிப் புகையில் முளைத்த வால்

அரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பக்ருதீனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கண்ணாடியை மாட்டிவிட்டு, "நல்லாத் தெரியுதுங்களா?" என்று கேட்பார். கேட்கிற தோரணையிலேயே பதிலும் இருக்கும். வந்தவரும் கூச்சப்பட்டுக்கொண்டு, "தெரியுதுங்க" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பக்ருதீன் ஏமாற்றுக்காரர் இல்லை. எதிரில் இருப்பவர் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான். அந்தத் தாங்காத மனசுதான் எண்பத்தாறு ஜனவரியில் அவரைச் சொந்த வீட்டுக் கொல்லையிலேயே மாட்டிவிட்டது.

அப்போது ஹாலி வால் நட்சத்திரம் வந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் மேற்கே வியாழன் கிரகத்துக்குப் பக்கத்தில் பாருங்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பக்ருதீன் கடையிலிருந்த பெரிய லென்ஸ் ஒன்றைப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் பொருத்தினார். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் சின்ன லென்ஸை மறுமுனையில் வைத்தார். கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் சைக்கிள் டியூப்பால் கட்டியதும் தொலைநோக்கி தயார்.

பனிதான் வழிவிடவில்லை. மேற்கே திருப்பி வைத்துக் கண்ணைக் கொண்டுபோவதற்குள் முன் லென்ஸ் வெளுத்துவிடும். கர்ச்சீப்பால் துடைப்பார், மறுபடி வெளுக்கும். தெருவே கேலி செய்தது.

ஒரு வியாழக்கிழமை, அந்தி நேர மஃரிபு தொழுகை முடிந்த நேரம். அவருடைய அக்கா ஹாஜிரா வழக்கம்போல் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்தார். ஒரு கையில் தூபக்கால், இன்னொரு கை சுவரைத் தடவிக்கொண்டு வந்தது. கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடு இருந்தவர். வலக்கண் முழுக்கப் புரை மூடிவிட்டது, இடக்கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை சேலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்ற நினைப்பிலேயே அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

தூபக்கால் நெருப்பைப் பார்த்ததும் பக்ருதீனுக்கு ஒரு யோசனை. பிள்ளை பெற்றவளின் ஈரத் தலையையே காய வைக்கிற சாம்பிராணி, இந்தப் பனியைக் காய வைக்காதா? அக்காவிடமிருந்து வாங்கி லென்ஸுக்கு அடியில் காட்டினார். பனி ஓடிப்போனது. கைலி முனையால் ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்துவிட்டுப் பார்த்தார். புகைமூட்டத்துக்கு நடுவில் பிரகாசமாக ஓர் உருண்டை, அதிலிருந்து நீளமாக ஒரு வால்.

முதலில் அக்காவைத்தான் கூப்பிட்டார். "தெரியுதாக்கா?"

ஹாஜிரா இடக்கண்ணை வைத்துப் பார்த்தார். "தெரியுதுடா. வாலோட தெரியுது. அல்லாவே, எவ்ளோ நீளம்."

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. பிறகு தெருவே வரிசையில் நின்று பார்த்தது. சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா சொன்னார்: "வானத்துல இருக்கறதே தெரியுது. அப்புறம் இந்தக் கண்ண எதுக்குடா அறுக்கணும்? சேலத்துக்கு நான் வரல."

"பாக்கலாங்க்கா" என்று பக்ருதீன் சிரித்தார். அக்கா பல நாள் கழித்து இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

மறுநாள் கடையில் அந்த லென்ஸை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. முகர்ந்தார், சாம்பிராணி. அன்று சாயங்காலம் சுத்தமான லென்ஸில் பார்த்தபோது உருண்டை இருந்தது, வால் இல்லை. பக்கத்தில் ஊசிமுனையாக நாலு புள்ளிகள், வியாழனின் நிலாக்கள். நேற்றுத் தெருவே பார்த்தது வியாழன் கிரகத்தை. வால் என்பது புகைப்பிசின் மேல் கைலி இழுத்த கோடு.

அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மனிதர் சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க ஹாஜிரா வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் கண்ணின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்ருதீன் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தார். வேண்டுமென்றே செய்ததில்லைதான். ஆனாலும் தன் கையாலேயே அக்காவின் கண்ணைக் கட்டிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலண்டர் அட்டையைச் சுருட்டி லென்ஸுக்கு முன்னால் நீட்டிவிட்டார். மனைவி வஹிதா மணலை வறுத்துத் துணியில் முடிந்து கொடுக்க, அதைக் குழாயின் கழுத்தில் கட்டினார். பனி அண்டவில்லை. வியாழனுக்குச் சற்றுத் தள்ளித் தேடினார். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மங்கலாக ஒரு திட்டு. குழாயை அசைத்தாலும் அது லென்ஸோடு நகராமல் நட்சத்திரங்களோடேயே நின்றது. வஹிதாவும் பார்த்து, "ஏங்க, இதுதானா?" என்றாள்.

அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "தெரியுதாக்கா?"

"ஒண்ணும் தெரியல. பனி புடிச்சிருக்குது, தொடைடா."

"பனி இல்லக்கா."

"வெள்ளையா மூடியிருக்குதுங்கறேன். தொடை."

பக்ருதீன் அக்காவின் விரலைப் பிடித்து லென்ஸின் மேல் வைத்தார். காய்ந்து, இளஞ்சூடாக இருந்தது. ஹாஜிரா விரலை எடுக்கவே இல்லை.

"அப்ப பனி எங்கடா இருக்குது?"

பக்ருதீனுக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு நீ பாத்தது வால் நட்சத்திரம் இல்லக்கா. சாம்பிராணிப் புகை லென்ஸ்ல படிஞ்சிருந்துது. மறுநாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்ல வாய் வரல."

"நேத்து பூரா தெருவுல சொல்லிட்டிருந்தனே. நீ வூட்டுல கேட்டுட்டுத்தான இருந்த?"

"ஆமாக்கா."

ஹாஜிரா சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "காலைல சேலத்துக்கு மொத பஸ்ஸு எப்பன்னு கேட்டு வெய்யி."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்காவுக்குத் தடித்த கண்ணாடியைப் பக்ருதீன்தான் போட்டுக்கொடுத்தார். கடையிலும் அவர் கேள்வி மாறிப்போனது. "என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, சொல்கிற வரைக்கும் காத்திருந்தார். வியாபாரம் மெதுவாகத்தான் நடந்தது.

மார்ச் மாதம் வால் நட்சத்திரம் சூரியனைச் சுற்றிவிட்டு விடிகாலையில் கிழக்குப் பக்கம் வந்தது. சுபுஹு தொழுகைக்கு எழுந்த அக்காவைக் கொல்லைக்குக் கூட்டிவந்தார். ஹாஜிரா புதுக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். பக்ருதீன் ஒன்றும் கேட்கவில்லை.

"வெள்ளையா தீத்துனாப்புல இருக்குது. சின்னதா வாலு" என்றார் அக்கா.

"அதுதாங்க்கா. நெசமானது."

"தெரியுதுடா, நல்லாவே தெரியுது." ஹாஜிரா நிமிர்ந்து முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அன்னிக்கு ஒண்ணு காட்டினியே, அதுதான் அழகா இருந்துச்சு."

அவர் தொழப் போனார். லென்ஸ் காய்ந்துதான் இருந்தது. பக்ருதீன் அதைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார்.