காற்று வரவில்லையென்றால் வீட்டுக்குப் போகலாமே, அப்பா

1984 மார்ச் 5, திங்கட்கிழமை, காலை ஆறே கால். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குக் கிளம்பிய ஃபெர்ரியின் மேல்தட்டில், எங்கள் பெஞ்சில் நான்கு பேர்தான். ஐந்தாவது ஆளான தனம் அக்காவைக் காணோம். பாகான் டாலாமில் அவருடைய எதிர்வீட்டுக்காரரான மணியம் அண்ணன் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தனம் போயிடுச்சு தம்பி. சனிக்கிழம துணி காயப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சாம். அவ்ளோதான்லா. நேத்தே எடுத்துட்டோம்."

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "ஒன் வீட்ல போன் இருக்கா?" என்றார். இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதற்குள் நீங்கள் இன்னொரு கோபத்தையும் கொடுத்துவிட்டீர்கள். நம் வாசகர் வட்டத்து நண்பர்களே, இது உங்களுக்குத்தான்.

தனம் அக்காவை உங்களில் பாதிப் பேருக்குத்தான் நேரில் தெரியும் என்பதால் சொல்கிறேன். பாயான் லெப்பாசில் எங்கள் தொழிற்சாலையில் அவர் தரச் சோதனைப் பிரிவு. நான் மெஷின் பழுது பார்ப்பவன். எட்டு மணி நேரம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மின்சில்லுகளின் சின்னச் சின்ன ஒட்டு வேலைகளைப் பார்த்து, ஆகாததை ரிஜெக்ட் தட்டில் போடுவார். சம்பளம் வந்த வாரம் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகம் தேடுவார். அதிலும் ஒரே வகைதான்: பழைய கிரேக்கக் கதைகளை இந்தக் காலத்து ஆட்கள் வேறு பக்கத்திலிருந்து திரும்பச் சொல்லும் ஆங்கில நாவல்கள். அரக்கியின் பக்கம், விட்டுவிட்டுப் போன பெண்டாட்டியின் பக்கம். அட்டை கிழிந்திருந்தால் அவருக்குக் கூடுதல் சந்தோஷம். "யாரோ நல்லா அனுபவிச்சுப் படிச்சிருக்காங்கடா" என்பார்.

படித்ததைக் காலையில் ஃபெர்ரியில் சொல்வார். இக்கரையில் கயிறு அவிழ்த்ததும் தொடங்கும். அக்கரைப் படகுத்துறையில் கப்பல் மோதியதும், வாக்கியம் பாதியில் இருந்தாலும், எழுந்துவிடுவார். மிச்சம் என்னவென்று தொழிற்சாலை பஸ்ஸில் நாங்கள் அடித்துக்கொள்ள வேண்டும். தெற்கே எழும்பிக்கொண்டிருந்த பாலத்தின் தூண்களைக் காட்டி, "அது தொறந்துட்டா எல்லாரும் பஸ்லயே போயிருவீங்க. என் கத அனாததான்" என்று சிரிப்பார்.

ஒருநாள் மெழுகுச் சிறகின் கதை. அப்பன் மெழுகால் சிறகு ஒட்டிக் கொடுக்கிறான். மகன் சூரியனுக்குப் பக்கத்தில் பறக்க, மெழுகு உருகிக் கடலில் விழுந்து சாகிறான். நான் பொறுக்காமல் குறுக்கே விழுந்தேன். "அக்கா, மேல போகப் போகக் குளிரும். மெழுகு எப்படி உருகும்? சுத்தப் பொய்."

அவர் கோபிக்கவில்லை. கண் மின்னியது. "அப்ப சூரியன் மேல தப்பில்ல. பையன் மேலயும் தப்பில்ல. ஒட்டு வேல சரியில்ல. ஒட்டுனது யாரு?"

"அப்பன்."

"ரெண்டாயிரம் வருஷமா பையன் சொல்பேச்சு கேக்கலன்னு எழுதி வச்சிருக்காங்க பாரு. நம்ம ஃபேக்டரி மாதிரியே. மெஷின் கெட்டாலும் ஆப்பரேட்டர் தப்பு. ரிஜெக்ட்!"

பெஞ்சே சிரித்தது. அன்றிலிருந்துதான் நான் அந்தக் கதைகளை உட்கார்ந்து கேட்டேன்.

நான்தான் அவரை நம் வட்டத்துக்குக் கூட்டி வந்தேன். அவர் சொன்ன கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு ராஜா போருக்குக் கப்பல்களை நிறுத்தியிருக்கிறான். காற்று இல்லை. மகளைப் பலி கொடுத்தால் காற்று வரும் என்கிறான் பூசாரி. கல்யாணம் என்று பொய் சொல்லி அவளை வரவழைக்கிறார்கள். மணக்கோலத்தில் வந்த பெண் கத்தியைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறாள்: "காத்து வரலேன்னா வீட்டுக்குப் போலாமேப்பா?"

அதோடு நிறுத்தினார். நம் தலைவர் தொண்டையைச் செருமினார். "கத நல்லாருக்கும்மா. ஆனா பொண்ணு அப்பாவ எதுத்துக் கேக்குறது நம்ம பண்பாட்டுக்கு ஒத்து வராது. முடிவ மட்டும் கொஞ்சம் மாத்திக்குங்களேன்."

"எதுங்கய்யா ஒத்து வரல? அப்பன் பொண்ண வெட்ட நிக்கிறதா, அவ ஏன்னு கேக்குறதா?"

தேநீர் வந்துவிட்டது என்றார் தலைவர். அக்காவை அதற்குப் பிறகு யாரும் பேச அழைக்கவில்லை.

சரி, போகட்டும். போன ஞாயிற்றுக்கிழமை டத்தோ கிராமாட் பகுதியில் இரங்கல் கூட்டம். படத்துக்கு மாலை. "அடக்கமே உருவான அம்மையார்" என்றார் தலைவர். அக்காவா? பிறகு, அக்கா நினைவாக, அக்காவே சொன்ன கதை என்று அந்தக் கதையை வாசித்தார். முடிவில் அந்தப் பெண் தலை குனிந்து, "அப்பா, உங்கள் விருப்பமே என் விருப்பம்" என்று கழுத்தை நீட்டுகிறாள். காற்று வீசுகிறது. நீங்கள் கை தட்டினீர்கள். அக்கா வாயால் கேட்டவர்களும் தட்டினீர்கள்.

எழுந்து பொய் என்றேன். "தம்பி, சாவுக் கூட்டத்துல சண்ட வேணாம்" என்று மைக்கை அணைத்தார்கள். வட்டம் கொண்டுவரும் நினைவு மலரிலும் இதே முடிவுதான், அக்காவின் பெயரில், அச்சுக்குப் போகிறதாம். செத்தவர் எழுந்து வந்து ரிஜெக்ட் போட முடியாது என்ற தைரியம். அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்க விடாமல் சாகடித்தீர்கள். தனம் அக்காவையும் அவளோடு சேர்த்துக் கழுத்தை நீட்ட வைத்துவிட்டீர்கள்.

அவர் புத்தகங்களை அவருடைய தங்கை வைத்துக்கொண்டார். நியாயம். எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி. அதை யாருக்கும் விட்டுத் தருவதாக இல்லை. ஆகவே செய்யப்போவது:

1. இந்தக் கட்டுரையை மலருக்குக் கொடுப்பேன். போடவில்லையென்றால் படி எடுத்துப் படகுத்துறையில் நின்று கொடுப்பேன்.

2. தலைவர் வீட்டுக்குப் போவேன். "அக்காவின் படத்தைப் போடுங்கள். கதையைப் போட்டால் அவர் சொன்னபடி போடுங்கள். இல்லையென்றால் உங்கள் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்" என்பேன்.

3. அதுவரை வட்டத்துக்கு வர மாட்டேன்.

4. நாளைக் காலை ஆறே கால் ஃபெர்ரியில் அந்த ஐந்தாவது இடத்தில் நான் உட்காருவேன். எனக்குக் கதை சொல்ல வராது; மணியம் அண்ணன் கிண்டல் செய்வார். பரவாயில்லை. கயிறு அவிழ்த்ததும் தொடங்குவேன். அந்தப் பெண் கேட்டு முடித்ததும் நிறுத்திவிடுவேன், கப்பல் இன்னும் நடுக்கடலில் இருந்தாலும்.