லைன் அண்ணன் போட்ட கையெழுத்து

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் லைன் அண்ணன். தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து இருபத்து மூன்று வருடம் தொலைபேசி இணைப்புகளைப் போட்டுக் கொடுத்தவர். ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து பார்வை போனது. யாரையும் பதவி சொல்லிக் குறிப்பிட மாட்டார், இணைப்பு எண்தான். "இருநூத்தி ஏழுக்கு இன்னைக்கு வீட்ல சண்டை போல. ஹலோவே கடிக்குது" என்பார். இருநூற்று ஏழு எங்கள் மேலாளர்.

அந்த வருடம் அழைப்புகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் இயந்திரம் வந்தது. லைன் அண்ணனின் நாற்காலி இனித் தேவையில்லை என்றார்கள். வேறு பணிக்கு மாற விரும்பினால், மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் துறையின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் வேலை போய்விடும். அவருக்கு வயது ஐம்பத்தொன்று. எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும் அவரும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

அந்த இணையதளத்தைச் செய்தவர்களில் நானும் ஒருவன், ஒப்பந்த ஊழியன். பார்வையற்றவர்கள் பிறர் உதவியில்லாமல் அதைப் பயன்படுத்த முடியும் என்று பார்வையற்ற ஒருவரே சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி.

"வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டா நாளாகும். கீழ ஒருத்தர் சும்மாதானே இருக்கார், கூட்டிட்டு வா" என்றார் மேலாளர்.

மூன்றாம் மாடிக்கு அவரை அழைத்து வந்ததும் எங்கள் வடிவமைப்பாளன் சத்தமில்லாமல் எழுந்து அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் வேகமா வீசுப்பா. இங்க புழுக்கமா இருக்கு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துச் சோதித்தார். "தம்பி, பொத்தான், பொத்தான், பொத்தான்னு மூணு தடவை சொல்லுது. எதை அமுக்கினா போகும், எதை அமுக்கினா எல்லாம் அழியும்? சட்டையா தைக்கிற?" ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஒரு மாதிரி விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவரே பதினோரு நிமிடத்தில் நிரப்பி அனுப்பினார்.

மேலாளர் அவர் விரலைப் பிடித்துத் தாளில் இடத்தைக் காட்டினார். லைன் அண்ணன் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "நானும் இதுலதான் சார் விண்ணப்பிக்கணும்" என்றார்.

"நீங்க சோதிச்ச தளம். உங்களுக்கு இல்லாததா?"

மறுநாள் டீ குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையான தளத்தில், அனுப்புவதற்கு முன்னால், நெளிந்த எழுத்துகள் உள்ள ஒரு சிறு படம் வரும். அதைப் பார்த்து அப்படியே அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை சோதிக்கும் எங்களுக்கு அது தொல்லை என்பதால், சோதனைப் பிரதியில் அதை நான்தான் அணைத்து வைத்திருந்தேன். அவர் சோதித்தது அந்தப் பிரதியை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். உன் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வருது, தெரியும்ல?"

தெரியும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் முதல் சம்பளத்தை அப்பா மூன்று தெருவுக்குச் சொல்லியிருந்தார். லைன் அண்ணனுக்கு உதவ யாராவது பக்கத்தில் இருப்பார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கே அப்படி நினைத்தேனா, இப்போது சொல்லிக்கொள்கிறேனா, தெரியவில்லை. அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை என் ஒப்பந்தம் நீண்டது. ஞாயிறு மதியம் மூன்று மணியிலிருந்து அவருடைய எண்ணில் நான்கு அழைப்புகள். எதற்கென்று தெரிந்துதான் செல்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

திங்கட்கிழமை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே, மேலாளரிடம் வந்தார்.

"மருத்துவச் சான்று சனிக்கிழமைதான் கைக்கு வந்துச்சு சார். எல்லாம் நிரப்பிட்டேன். கடைசில ஒரு படம்னு சொல்லுது. பக்கத்து வீடுகள்ல யாரும் இல்ல. அக்கா அந்த எழுத்தைப் பாத்துப் பாத்து என் உள்ளங்கைல வரைஞ்சா. சின்ன வயசுல படிச்ச ஞாபகத்துல அடிச்சேன். மூணு தடவை தப்புன்னு சொல்லி ஒரு நாளைக்குப் பூட்டிடுச்சு."

"எனக்கு என்னத்த தெரியும். பாம்பு மாதிரி நெளிஞ்சுது, அப்படியே வரைஞ்சேன்" என்றார் அக்கா.

"தாள்ல எழுதித் தர்றேன் சார், வாங்கிக்கங்க."

"கெடு முடிஞ்சுபோச்சு. தளத்துல குறைன்னா மேல எழுதிக் கேக்கலாம். குறையே இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் என்னன்னு எழுதுறது?"

லைன் அண்ணன் என் மேசை இருக்கும் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சொல்லு. அன்னைக்கு அந்தப் படம் இருந்துச்சா?"

மேலாளர் என்னைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன். அதுவரை அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"சரிப்பா" என்றார். அக்காவின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு வடிவமைப்பாளன், "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி நல்லா பாத்துப் போட வேண்டாமா" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அடுத்த பதிப்பில் அந்த எழுத்துகளை வாசித்துச் சொல்லும் பொத்தான் ஒன்றைச் சேர்த்தேன். நாற்பது நிமிட வேலை. மாற்றங்களின் பட்டியலில் 'சிறு திருத்தம்' என்று எழுதினேன்.